உள்ள கை வுட்டுப் பாத்தியா?

அந்த ஹேங்கரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமே கிடையாது. எல்லோருக்கும் நான் 'கலவை'தான். "டேய் கலவை, அந்த ஸ்பேனரை எடு", "கலவை எங்கடா போனான்?" என்று ஊர்ப் பெயரே ஆள் பெயராகிவிட்டது. ஆற்காட்டிலிருந்து திமிரி வழியாகப் போனால் வரும் கலவைதான் என் சொந்த ஊர். காஞ்சி மடத்துப் பக்தர்களுக்கு அங்கே உள்ள பிருந்தாவனத்தால் தெரியும். மற்றவர்களிடம் சொன்னால், "என்ன, சிமென்ட் கலவையா?" என்பார்கள்.

1984-ம் வருஷம். விமானப் பராமரிப்பு இன்ஜினீயர் ஆவதற்காக ஒரு ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். கடலோர ஊர். கிளப்பின் பெயர் வேண்டாம். சொல்லப்போவது நான் செய்த தப்பை. அதற்குக் கிளப் என்ன பண்ணும்?

எங்களிடம் இருந்தது ஒரு புஷ்பக். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. பெங்களூரு ஹெச்.ஏ.எல்-லில் நம்மவர்களே செய்த இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். டாக்டர் வி.எம்.காட்கே தலைமையில் வடிவமைத்தார்கள். 1958 செப்டம்பர் 28-ல் முதன்முதலாகப் பறந்தது. சுமார் 160 விமானங்கள் செய்து நாடு முழுக்க உள்ள ஃப்ளையிங் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். 90 குதிரைசக்தி கான்டினென்டல் இன்ஜின். உடம்பு இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் துணி. ஆமாம், துணிதான்! விரலால் சுண்டினால் தவில் மாதிரி சத்தம் வரும். எங்களுடையது என்னைவிட ஒரு வயது பெரியது.

அந்த இன்ஜினில் இரண்டடி நீளத்துக்கு ஒரு ஹோஸ் உண்டு. கண்ணாடி இழைத் துணியில் சிலிக்கான் ரப்பர் பூசி, சுற்றிலும் ஸ்பிரிங் கம்பி ஓடவிட்டுச் செய்தது. செங்கல்லுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு நிறம். பார்க்க வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாயின் அண்ணன் மாதிரி இருக்கும். அதற்குள் பெட்ரோலும் ஓடாது, ஆயிலும் ஓடாது. வெறும் காற்று. 'காத்து போற குழாய்தானே' என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதுதான் என்னை மாட்டிவிட்டது.

அந்தக் காற்று எதற்கு என்று சொல்கிறேன். ஊசி போடுமுன் நர்ஸ் ஸ்பிரிட்டைத் தடவுகிறாரே, அந்த இடம் சில்லென்று ஆகிறது இல்லையா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காற்றோடு கலக்கும்போதும் அதேதான் நடக்கிறது. போதாததற்கு, காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாக வேகமாக ஓட வேண்டும். அதிலும் குளிரும். இரண்டும் சேர்ந்தால் உள்ளே 30 டிகிரிக்கும் மேல்கூட வெப்பம் இறங்கிவிடும். வெளியே நமக்கு வியர்த்துக் கொட்டும் 28 டிகிரி காலை நேரத்தில், கடற்காற்றின் ஈரம் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டியாகப் படியும். இமயமலைக்குப் போக வேண்டாம், நம் கடற்கரையே போதும். பனி படிந்தால் காற்றுப்பாதை அடைபடும். இன்ஜின் மூச்சுத் திணறி நின்றேபோகும்.

அதற்குத்தான் இந்த ஹோஸ். கொதிக்கும் எக்ஸாஸ்ட் பைப்பைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கும். அதற்குள் சூடாகும் காற்றை ஹோஸ் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும். பைலட் ஒரு குமிழை இழுத்தால் குளிர்ந்த காற்றின் வழி மூடி, சூடான வழி திறக்கும். இதற்குக் 'கார்ப் ஹீட்' என்று பெயர். இறங்கும்போது, இன்ஜினின் வேகத்தைக் குறைத்திருக்கும் நேரத்தில்தான் இதை முக்கியமாக இழுப்பார்கள்.

குளிர் நாட்டு விமானங்களில் இதே மாதிரி ஹோஸ்தான் பைலட் உட்காரும் இடத்துக்கும் வெந்நீர்க்காற்றை... மன்னிக்கவும், வெதுவெதுப்பான காற்றைக் கொண்டுவரும். அங்கே ஆபத்து வேறு மாதிரி. எக்ஸாஸ்டில் விரிசல் விட்டால், சூட்டோடு கார்பன் மோனாக்சைடும் வந்துவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. 2019 ஜனவரி 21-ல் எமிலியானோ சாலா என்ற அர்ஜென்டினா கால்பந்து வீரர் சிறு விமானத்தோடு ஆங்கிலக் கால்வாயில் விழுந்து இறந்தாரே, அந்த விசாரணையில் அவர் ரத்தத்தில் இந்த வாயு ஏகத்துக்கு இருந்தது தெரியவந்தது. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. 1984 திரும்பி வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

புஷ்பக்குக்கு 100 மணி நேரப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. வேலைத்தாளில் வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பக்கத்தில் சுருக்கெழுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குமேல் லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் விமானம் பறக்கலாம். ஹோஸ்கள் என் பங்கு. துணியை எடுத்து மேலே துடைத்தேன். கம்பி வெளியே நீட்டவில்லை, கிழிசல் இல்லை, எங்கேயும் உரசிய தடம் இல்லை. துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். எனக்கு அது முழுசாக ஒரு நிமிஷ வேலை.

மறுநாள் காலை ஒரு பெண் அந்த விமானத்தில் முதல்முறையாகத் தனியாகப் பறப்பதாக இருந்தது. அவளுக்கு அப்பா இல்லை. டீச்சர் வேலை பார்த்த அம்மா, நகையை அடகு வைத்துத்தான் பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கட்டிக்கொண்டிருந்தார். ஆறரை மணிக்கே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு ஹேங்கர் வாசலில் வந்து நின்றாள்.

முதலில் எங்கள் சீஃப் இன்ஜினைப் போட்டுப் பார்த்தார். நான் தீயணைப்பு சிலிண்டரோடு ஓரமாக நின்றேன். 1,700 சுற்றில் வைத்துக் கார்ப் ஹீட்டை இழுத்தார். சூடான காற்று லேசானது என்பதால் 100 சுற்று போலக் குறையும், அது நல்ல அடையாளம். குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. 1,500... 1,300... இன்ஜின் உதற ஆரம்பித்தது. எக்ஸாஸ்டிலிருந்து கறுப்புப் புகை. சீஃப் குமிழை உள்ளே தள்ளினார். ஒன்றுமே நடக்காத மாதிரி இன்ஜின் சீராக ஓடியது. மறுபடி இழுத்தார். மறுபடி உதறல்.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். என்னைத் திட்டவில்லை.

"கலவை, கார்புரேட்டரோட வேலை என்னடா?"

"காத்தையும் பெட்ரோலையும் கலக்கறது சார்."

"அப்போ உன் வேலைதான். கலவைக்காரனே கலவையைப் பார்க்கலைன்னா எப்படி? அந்த ஹோஸைக் கழட்டு."

கழற்றினேன். வெளியே அதே பளபளப்பு. சீஃப் அதைக் கண்ணில் வைத்துத் தொலைநோக்கி மாதிரி பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். மறுமுனையில் வெளிச்சம் பாதிதான் தெரிந்தது. உள்ளே ஒரு துணி, கழன்ற சட்டைப் பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஹோஸில் இரண்டு ஜாதி உண்டு. ஒரே அடுக்குத் துணி உள்ளது ஒன்று. கம்பிக்கு வெளியே ஓர் அடுக்கு, உள்ளே ஓர் அடுக்கு என்று இரண்டு உள்ளது இன்னொன்று. காற்றை ஊதித் தள்ளும் இடத்தில் இரண்டு அடுக்கு நன்றாக உழைக்கும். உள்ளே வழுவழுவென்று இருப்பதால் காற்றும் தடையில்லாமல் ஓடும். ஆனால் இன்ஜின் உறிஞ்சும் பக்கத்தில் அதைப் போடக் கூடாது. மெல்லிய ஸ்ட்ராவில் கெட்டியான ஜூஸை உறிஞ்சிப் பாருங்கள், ஸ்ட்ரா சப்பையாக ஒட்டிக்கொள்ளும். அதே மாதிரி சூட்டிலும் வயசிலும் பசை விட்டுப்போன உள்துணியை இன்ஜின் இழுத்து, தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். என்றைக்கோ யாரோ, 'தடியா இருக்கே, நல்லா உழைக்கும்' என்று நல்ல எண்ணத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் வானத்தில் இருந்திருந்தால்? இறங்கும்போது கார்ப் ஹீட்டை இழுத்திருப்பாள். ஓடுபாதை சரியாக அமையாவிட்டால், மறுபடி மேலே ஏற முழு வேகம் கொடுத்திருப்பாள். தரையிலிருந்து நூறு அடி உயரத்தில் இன்ஜின் உதறியிருக்கும். பக்கத்தில் வாத்தியார் இருந்திருக்க மாட்டார்.

அவள் என்னிடம் வந்து, "ரெண்டடிக் குழாய்க்காகவா என்னோட சோலோவை நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. கையெழுத்துப் போட்டவன் நான் என்று அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை.

ஸ்டோரில் புது ஹோஸ் இருந்தது. அளவும் சரி, பேப்பரும் சரி. ஆனால் இரண்டு அடுக்கு. "இதையே போட்டுடலாமே சார், புதுசுதானே, ரெண்டு வருஷம் தாங்கும்" என்று ஸ்டோர்காரர் சொன்னார். சீஃப் தலையை மட்டும் ஆட்டினார். ஒற்றை அடுக்கு ஹோஸ் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் காலத்தில் இறக்குமதி என்றால் லைசென்ஸ், அந்நியச் செலாவணி அனுமதி என்று ஒரு சுற்று. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். பையில் அந்தப் பழைய ஹோஸ். அளவு பார்த்து வேறெங்காவது கிடைக்குமா என்று தேடலாமென்று எடுத்து வைத்திருந்தேன்.

எங்கள் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். தோலை ரகம் பிரிக்கிற வேலை. இருபது வருஷமாக அதையே செய்து அவர் விரல் நுனிகளெல்லாம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். திண்ணையில் கிடந்த ஹோஸை எடுத்தார்.

"இன்னாடா இது, பாம்பு ஒடம்பாட்டம் கீது?"

விஷயத்தைச் சொன்னேன். நான் பேசி முடிப்பதற்குள் இரண்டு விரலை ஹோஸுக்குள் விட்டுவிட்டார். வெளியே ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கழன்ற துணியை நகத்தால் பற்றி இரண்டு அங்குலம் வெளியே இழுத்தார்.

"இது செத்துப் பூட்ச்சே! இத்தப் போயி நல்லாகீதுன்னு எவன் வுட்டான்? உள்ள கை வுட்டுப் பாத்தியா?"

நான் பேசவில்லை.

"மேல பாத்து ரகம் போட்டேன்னு வெச்சுக்கோ, மொதலாளி என்ன அன்னிக்கே தொரத்திடுவான். திருப்பிப் போட்டு சதைப் பக்கத்தத் தடவணும். கத்தி பட்டுக்கீதா, பூச்சி அரிச்சிக்கீதா, அல்லாம் அங்கதான் தெரியும்."

அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "சாப்டு எழுந்து வா" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

திங்கள்கிழமை நான் கிளம்புவதற்குள் அப்பா ராணிப்பேட்டைக்குப் போய் வந்துவிட்டார். டேனரியில் தோலைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் மெஷினில் பறக்கும் தூசியை உறிஞ்ச ஒரு ஹோஸ் இருக்கும். அதே தடிமன், அதே கம்பிச் சுருள். நிறம்கூடக் கிட்டத்தட்ட அதேதான். கடையில் எட்டு ரூபாய்க்கு மூன்றடி வாங்கி வந்து, "உள்ள பாத்துட்டேன், ஒரே பீஸு" என்று கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கிளப்பையே காப்பாற்றப் போகிறவன் மாதிரி பஸ் ஏறினேன்.

சீஃப் அதை வாங்கி, வளைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்தார். கிளப்பின் இன்னொரு விமானம், ஒரு செஸ்னா, அப்போதுதான் இறங்கி நின்றிருந்தது. கவுலிங்கைத் திறந்து, ஹோஸை அதன் எக்ஸாஸ்ட் மேல் வைத்தார். பத்து எண்ணுவதற்குள் அது கூழ் மாதிரி இளகி, சுருங்கி, ஒட்டிக்கொண்டது. ஹேங்கர் முழுக்க நாற்றம். டேனரி ஹோஸ் பி.வி.சி. 80 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். அசல் ஹோஸ் 230 டிகிரி வரைக்கும் தாங்கும். நிறத்தைப் பார்த்து ஏமாந்தது, ஒரு வாரத்தில் இரண்டாவது முறை.

"இது எங்கே செஞ்சது, எந்தச் சூட்டைத் தாங்கும்னு ஒரு பேப்பர் இருக்கா?" என்றார் சீஃப். "எங்கப்பா பார்த்து வாங்கினது சார்" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கப்பா தோலுக்கு லைசென்ஸ் வெச்சிருக்கார். இதுக்கு இல்லை" என்றார். பிறகு ஒரு ஸ்கிராப்பரைக் கையில் கொடுத்து, ஒட்டியதைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். சாயங்காலம் வரை சுரண்டினேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, "சரியா இருந்துச்சா?" என்று அப்பா கேட்டார். "இருந்துச்சு நைனா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்! 'எம்புள்ள ஓட்ற ஏரோப்ளேன்ல எங்க டேனரி ஹோஸ்தான் போட்டுக்கீது' என்று டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. நான் ஓட்டவும் இல்லை, அந்த ஹோஸ் பறக்கவும் இல்லை. அப்பா இருந்த வரைக்கும் அதை நான் திருத்தவே இல்லை. இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

அசல் ஹோஸ் வர ஏழு வாரம் ஆனது. சீஃப் அதை என்னிடமே கொடுத்து மாட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டடி ஹோஸ் மாட்டுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அரை நாள் ஆனது. பழைய கிளிப் இருந்த குழாய் முனைகளில் வருஷக்கணக்கான ரப்பர் ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மெல்லிய தகரம் கிழிந்துவிடும். விரல் நகத்தாலும் மரக்குச்சியாலும் சுரண்டினேன். பழைய ஹோஸை வைத்து அளந்தால் தப்பு, அது நாளாவட்டத்தில் இழுபட்டிருக்கும். அதனால் ஒரு நூலை வைத்து, வளைவோடு அளந்தேன். துணியைக் கத்தியால் வெட்டி, உள்ளே ஓடும் கம்பியை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்ட வேண்டும். அந்த முனையை மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது முள் மாதிரி நீட்டிக்கொண்டு, அதிர்வில் பக்கத்து ஒயரைக் கிழிக்கும். கிளிப்பை அதிகம் முறுக்கினால் துணி அறுபடும், குறைவாக முறுக்கினால் கழன்றுகொள்ளும். எக்ஸாஸ்டை எங்கேயும் தொடாமல், கன்ட்ரோல் கேபிளில் உரசாமல் வளைய வேண்டும். இரண்டு முறை கழற்றி மாட்டினேன். மூன்றாவது முறை சீஃப் தானாகவே ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

மாட்டுவதற்கு முன்னால் உள்ளே கைவிட்டுத் தடவினேன். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காக இல்லை. பழகிவிட்டது.

இன்ஜினைப் போட்டோம். 1,700. குமிழை இழுத்தார். 1,620-ல் வந்து நின்றது. அங்கேயே நின்றது. வேலைத்தாளை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். போன தடவை போட்டதைவிட அது சின்னதாக இருந்தது.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்தாள். விமானத்தைச் சுற்றிப் பரிசோதித்துக்கொண்டிருந்தவளிடம் போய், "போன தடவை ஹோஸைப் பார்த்து சரின்னு கையெழுத்துப் போட்டது நான்தாங்க" என்று சொன்னேன். கை வேலையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"இந்தத் தடவை?"

"இதுவும் நான்தான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கவுலிங்கைத் திறந்து காட்டுங்க" என்றாள். காட்டினேன். குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கக் கிளிப்பையும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

தனியாக ஒரு சுற்றுப் பறந்து அவள் இறங்கியபோது, சக்கரம் தரையில் பட்டு ஒரு துள்ளுத் துள்ளியது. வாத்தியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நானும் சீஃப்பும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு அவள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போகும்வரை, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கார்ப் ஹீட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். மற்றவர்கள் ஒரு தடவையோடு சரி. ஹேங்கருக்குள் என்ன வேலையில் இருந்தாலும், அந்த இரண்டாவது இழுப்பு கேட்டு முடியும்வரை நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.